உப்புப் போட்ட ஆறு

"இந்தப் படத்துல என்ன குறையுதுன்னு உனக்குத் தோணுது?" என்று மாடியில் குடியிருந்த இளவேனில் ஒருநாள் சூர்யகலாவிடம் கேட்டாள்.

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். அங்கேதான் சூர்யகலா தடுமாறிப் போனாள். அவளிடம் கேள்வி கேட்கிறவர்கள் யாரும் காத்திருக்கிற வழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் பெயர் வாசிக்கும்போது 'உள்ளேன் அம்மா' என்று சொல்ல அவளுக்கு வாய் எழாது. உதட்டைப் பிரிப்பதற்குள் அடுத்த பெயர் போய்விடும். இரண்டாவது பெஞ்சில் முழுசாக உட்கார்ந்துகொண்டே வருஷத்தில் பாதி நாள் ஆப்சென்ட் ஆனவள் அவள். பதினொன்றாம் வகுப்பில் ஒருநாள் புத்தகப் பையை ஆணியில் மாட்டினாள், பிறகு இறக்கவில்லை. ஏன் என்று வீட்டில் கேட்டார்கள். அவர்களும் காத்திருக்கவில்லை. சாயத் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் தேவையாயிருந்தது, அத்தோடு பேச்சு முடிந்தது.

சின்னாளபட்டியில் அவர்கள் வீட்டில் சுங்குடி வேலை. அம்மா சுந்தரம்மாள் சேலையில் புள்ளி புள்ளியாக நூல் முடிச்சுப் போடுவாள். முடிச்சோடு சேலையைச் சாயத்தில் முக்கி, உலர்த்தி, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் முடிச்செல்லாம் படபடவென்று தெறிக்கும். சாயம் ஏறாத இடங்கள் வெள்ளைப் பொட்டுகளாக விரியும். ஒரு பக்கம் பிடித்து இழுப்பது சூர்யகலாவின் வேலை. வாங்க வருகிறவர்களிடம், "மொதத் தடவ உப்புத் தண்ணியில ஊறவச்சு அலசுங்க, சாயம் நிக்கும்" என்று சொல்லி அனுப்புவது அம்மாவின் வேலை. அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவளுக்கு, சாயத்துக்கு உப்பு என்பது பசிக்குச் சோறு என்கிற மாதிரி. அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

இளவேனில் கூடலூர்ப் பக்கத்துக்காரி. காந்திகிராமத்தில் மூன்று மாத வேலையாக வந்து மாடி அறையை வாடகைக்கு எடுத்திருந்தாள். அன்றைக்குக் கீழே இறங்கி வந்து அவள் காட்டிய படம், நீர்வண்ணத்தில் எழுதிய ஓர் ஆற்றங்கரை. செங்குத்தான மலைச்சரிவு; அதில் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு கறுத்த சுரங்க வாய்; அதன் கீழே இடிந்த கல்சுவர்; கொடிகள் ஏறிப் பாதி மறைந்த இரும்புச் சக்கரம் ஒன்று. முன்னால், படத்தின் அகலத்துக்கும் ஆறு. தன் ஊர்ப்பக்கம் நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பு வெள்ளைக்காரர்கள் தங்கம் தோண்டிய இடம் என்றாள்.

"நல்லாக் கெடச்சுச்சாம்மா?" என்று சுந்தரம்மாள் முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

இளவேனில் சிரித்தாள். "எங்க கெடச்சுது? தோண்டின பாட்டுக்கு ஒரு மூக்குத்திக்குக்கூடத் தேறியிருக்காது. அந்த ஆத்து மணல்ல காக்காப்பொன் கிடக்கும். வெறும் கல்லுத்தூள்தான், ஆனா வெயில் பட்டா மினுமினுன்னு ஆறே தங்கமா ஓடுற மாதிரி இருக்கும். அதப் பாத்துத்தான் கப்பலேறி வந்து ஏமாந்தாங்க. அதனாலதான் நான் அந்த மினுக்கத்தப் போடவே இல்ல. போட்டா, படத்தப் பாக்குறவங்களும் ஏமாந்துருவாங்க."

அதற்குப் பிறகுதான் சூர்யகலாவின் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டது.

சூர்யகலாவின் மனசில் பதில் இருந்தது. மினுக்கம். அதுதான் குறைந்தது. மலை மலையாக இருந்தது, கல் கல்லாக இருந்தது, ஆறு மட்டும் அலசிப் பிழியாமல் போட்ட சேலை மாதிரி ஒட்டிக்கிடந்தது. ஆனால் இப்போதுதானே அந்த அக்கா மினுக்கம் வேண்டாம் என்று காரணத்தோடு சொன்னாள்? வேண்டுமென்று விட்டதைப் போய்க் குறை என்று சொல்லலாமா? சொன்னால் சரியா, சொல்லாவிட்டால் பொய்யா? அவள் கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டு நின்றாள். இளவேனில் செத்த நேரம் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, அப்புறம் சொல்லு" என்று மாடியேறிப் போய்விட்டாள்.

இது நடந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில், அதே படத்தை அட்டையோடு தூக்கிக்கொண்டு, அதைச் சுருட்டி வைக்கிற மூடி போட்ட குழாய் உறையும் தோளில் தொங்க, இளவேனில் வந்தாள்.

"சூர்யா, இதக் கீழ உங்க வீட்டுல வச்சுக்கிறியா? மாடியில எலி. நேத்து என் செருப்பு வாரக் கடிச்சிருச்சு. நாளைக்கு அஞ்சு மணி பஸ்ஸுக்குக் கோயம்புத்தூர் கொண்டு போகணும். படக் கண்காட்சி. இப்ப இல்லாம போயிட்ட இடங்கள மட்டும் வைக்கிறாங்க."

"அந்த எடத்துக்கு என்னாச்சு?" என்றாள் சுந்தரம்மாள்.

"போன மழையில மலை சரிஞ்சிருச்சும்மா. சக்கரம், சுவரு, எல்லாம் மண்ணுக்குள்ள. மழைக்கு முந்தின மாசம் அங்கயே உக்காந்து போட்டது இது. இனிமே போட முடியாது." சொல்லிவிட்டுச் சூர்யகலாவைப் பார்த்தாள். "உன்கிட்டதான் குடுக்கிறேன். நீ ஆட மாட்ட, அலட்ட மாட்ட."

சூர்யகலாவுக்குக் காது சூடாயிற்று. அவளை நம்பி யாரும் ஒரு பொருளையும் தந்ததில்லை. படத்தை உள் அறைக் கட்டிலில் வைத்து, மேலே பூச்சி விழாமல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தினாள். அன்றைக்கு நாலைந்து தடவை துணியை விலக்கிப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக் கருப்பாயி வந்தாள். சாயத் தொட்டியிலிருந்து நேரே எழுந்து வந்திருந்தாள். முழங்கை வரை ஈரம்.

"ஏத்தா சூர்யா, தங்கச் சுரங்கத்தப் பூட்டி வச்சிருக்கியாமே? எனக்குக் காட்டக் கூடாதாக்கும்?"

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சூர்யகலா வாயைத் திறப்பதற்குள் கருப்பாயி துணியை விலக்கிவிட்டாள். குனிந்து பார்த்தாள். மூஞ்சி சுருங்கிற்று.

"இதுல தங்கம் எங்கடி இருக்கு? ஒரே தண்ணியும் கல்லுமால்ல கெடக்கு? இந்தக் குழிக்குள்ளயா?" என்று சுரங்க வாயைத் தொட்டாள். "இல்ல, இந்தத் தண்ணிக்குள்ளயா?" என்று ஆற்றின் நடுவே விரலை வைத்து ஓர் இழுப்பு இழுத்தாள்.

விரல் போன வழியில் ஆறு கலங்கிற்று. நீலமும் பச்சையும் ஒரு கோடாக வழித்துக்கொண்டு வந்தன. கருப்பாயி விரலைத் தூக்கிப் பார்த்தாள்.

"அடி ஆத்தி. சாயம் போவுதுடி இது! இம்புட்டு மட்டமான சாயத்துலயா அந்தப் புள்ள எழுதுது?"

சுந்தரம்மாள் கூப்பிடவே கருப்பாயி முன்பக்கம் போய்விட்டாள். சூர்யகலா கட்டிலுக்குப் பக்கத்தில் தனியாக நின்றாள். கோடு விழுந்த இடத்தில் ஈரம் மெல்ல மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. இப்படியே விட்டால் ஆறு முழுக்கக் கலங்கிவிடும் என்று அவளுக்குப் பட்டது. சாயம் ஓடுகிறது. ஓடுகிற சாயத்தை நிறுத்த வேண்டும். ஓடுகிற சாயத்தை எது நிறுத்தும் என்று இந்தத் தெருவில் கைக்குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

சாயத் தொட்டிக்குப் போடுகிற கல்லுப்பு வாளியிலிருந்து ஒரு கை அள்ளி, சொம்புத் தண்ணீரில் கரைத்தாள். சேலையானால் முக்கலாம், காகிதத்தை எப்படி முக்குவது? அதனால் விரல் நுனியால், பூவுக்குத் தெளிக்கிற மாதிரி, ஆற்றின் மேல் மட்டும் உப்புத் தண்ணீரைத் தெளித்தாள். சாயம் நிற்கவில்லை. தெளித்த இடமெல்லாம் புதிதாக நெகிழ்ந்தது. உப்புப் போதவில்லை என்று நினைத்தாள். அப்படி நினைத்ததும் கை தானாக வாளிக்குப் போய், அம்மியடியில் கிடந்த உப்புப் பொடியையும் வழித்துக்கொண்டு வந்து, ஆறு நெடுகத் தூவிற்று.

தூவியபின் ஒரு நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒவ்வொரு உப்புக்கல்லும் தன்னைச் சுற்றியிருந்த நீலத்தைக் குடிக்கத் தொடங்கியது. பூ விரிகிற மாதிரி ஒரு வெளுப்பு, பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் பத்து. ஆற்று நிறத்துக்கு அடியில் இளவேனில் முதலில் தடவியிருந்த மஞ்சள், அந்த வெளுப்புகளின் நடுவில் எட்டிப் பார்த்தது. சூர்யகலா கையை மாராப்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிறுத்த வேண்டுமா, பார்க்க வேண்டுமா என்று தெரியவில்லை. பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

பதினோரு மணி வெயிலில் அறை சூடேறிக் காகிதம் உலர்ந்தது. மயிலிறகு விசிறியால் உப்பைத் தட்டிவிட்டாள். சில துகள்கள் காகிதத்தோடு பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றன. ஜன்னல் வெளிச்சம் விழும்படி படத்தைச் சாய்த்தாள். கருப்பாயியின் விரல்கோடு எங்கே என்று தெரியவில்லை. ஆறு மினுங்கியது.

"அய்யய்யோ, என்னடி பண்ணித் தொலச்ச?" என்று பின்னால் அம்மாவின் குரல்.

சுந்தரம்மாள் தலையில் கைவைத்தாள். கருப்பாயி எட்டிப் பார்த்தாள். அவளுக்கோ முகமெல்லாம் பல்.

"அடேங்கப்பா! ஆத்துக்கே சுங்குடி கட்டி விட்டுட்டியேடி! இங்க பாரு, சுந்தரம், காலையில ஒரு பொட்டுத் தங்கம் இல்ல, சத்தியமா நான் பாத்தேன். இப்ப அள்ளி அள்ளிக் கொட்டிக் கெடக்கு!"

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த கருப்பாயியின் புருஷன் பொன்னுத்துரையையும் அவள் விடவில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு மினி லாரி ஓட்டுகிற மனுஷன். வெண்டைக்காய் மூட்டையைப் பார்த்த மாத்திரத்தில் முத்தல் இளசு சொல்லிவிடுகிறவர் என்று பெயர். செல்போனை எடுத்துப் படத்தைப் பிடித்து, இரண்டு விரலால் பெரிதாக்கி, சக்கரத்துக்கும் கல்சுவருக்கும் நடுவில் நிறுத்தினார்.

"இங்கதான் சாஸ்தி," என்றார் தீர்மானமாக. "சுவருக்குக் கீழ, தண்ணி திரும்புற எடத்துல. இது எந்த ஊருன்னு சொன்னுச்சு அந்தப் பொண்ணு?"

"எந்த ஊரா இருந்தா என்ன? மண்வெட்டிய எடுத்துட்டுக் கெளம்பப் போறீகளாக்கும்?" என்றாள் கருப்பாயி.

"அட, வெவரத்துக்குக் கேட்டேன். அந்தப் பொண்ணு ஊரு கூடலூருப் பக்கம்னா நம்ம லோடு அந்தப் பக்கம் போகுது."

அவர் சிரிக்கவில்லை. அதைச் சூர்யகலா கவனித்தாள். வெறும் உப்பு அது. தன் கையால் தூவினது. அதைப் பார்த்து, நாற்பத்தெட்டு வயது ஆள் லோடு போகிற வழியைக் கணக்குப் போடுகிறார். 'போட்டா பாக்குறவங்களும் ஏமாந்துருவாங்க' என்று இளவேனில் சொன்னது அப்படியே கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

"கேளு, சூர்யா," என்று சுந்தரம்மாள் அவளைத் தனியே இழுத்தாள். "நாம ஒண்ணும் சொல்ல வேணாம். உறைக்குள்ள சுருட்டி வச்சிரு. அந்தப் புள்ள அவசரத்துல வரும், அப்படியே தூக்கிட்டு ஓடும். அங்க போய்ப் பிரிச்சா, பஸ்ஸுல ஈரம் பட்டுச்சோ என்னமோன்னு நெனச்சுக்கும்."

"நல்லாத்தான இருக்கு, எதுக்கு மறைக்கணும்?" என்றாள் கருப்பாயி. "காசு குடுத்து வாங்குறவன் இப்படி இருந்தாத்தான் வாங்குவான்."

"நல்லா இருக்கோ இல்லையோ, அது இவ பொருளா?"

"அப்ப சொல்லச் சொல்லு."

"இவளா? இவ சொல்லிட்டாலும்!" என்றாள் அம்மா.

சூர்யகலா படத்தை அட்டையிலிருந்து எடுத்துச் சுருட்டி உறைக்குள் விட்டாள். மூடியைத் திருகினாள். திருகிய பிறகு மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. பயத்தில் செய்தோமா, ஆசையில் செய்தோமா? முதல் தெளிப்பு பயத்தில் தெளித்தது; அதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டாவது கை உப்பு? வாளிக்குள் கை போனபோது, சாயம் நிற்க வேண்டும் என்று நினைத்தாளா, ஆறு மினுங்க வேண்டும் என்று நினைத்தாளா? நினைத்துப் பார்க்கப் பார்க்க, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஓடிக் கலந்துவிட்டன. தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் பாதிப் பொய். தெரிந்து செய்தேன் என்றாலும் பாதிப் பொய். சொல்லாமல் விட்டாலோ, நீ அலட்ட மாட்டாய் என்று நம்பித் தந்தவளிடம் முழுப் பொய்.

நாலரை மணிக்கு இளவேனில் வந்தாள். தோளில் பை, நெற்றியில் வேர்வை.

"சுருட்டியே வச்சிட்டியா? தங்கமான பொண்ணு" என்று உறையை வாங்கித் தோளில் மாட்டினாள். "வாரேம்மா. திங்கக்கிழமை வந்துருவேன்."

வாசல்படியில் ஒரு கால் வைத்துவிட்டாள். சுந்தரம்மாள் மகளைப் பார்க்காமல் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

யார் கூப்பிட்டது என்று இளவேனில் அங்குமிங்கும் பார்த்தாள். அந்தக் குரலை அவள் அதிகம் கேட்டதில்லை.

"அக்கா, செத்த பிரிச்சுப் பாத்துட்டுப் போங்க."

படத்தைக் கட்டிலில் விரித்து, நாலு மூலையிலும் நூல்கண்டுகளை வைத்தார்கள். இளவேனில் குனிந்தாள். முதலில் ஒன்றும் புரியாத மாதிரி, வேறு யாருடைய படத்தையோ பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். பிறகு அவள் முகத்திலிருந்து வேர்வையோடு நிறமும் வடிந்தது.

"யாரு?" என்றாள்.

"நான்தான் தாயி, தெரியாம வெரல வச்சுட்டேன்" என்று கருப்பாயி வாசலிலிருந்து ஆரம்பித்தாள்.

"இல்லக்கா, நான்" என்றாள் சூர்யகலா. ஆரம்பித்தவள் நிறுத்தினால் பிறகு வராது என்று தெரிந்து, மூச்சு விடாமல் சொன்னாள். "அத்த வெரல் பட்டுச் சாயம் ஓடுச்சு. நிறுத்தணும்னு உப்புத் தண்ணி தெளிச்சேன். நிக்கல. உப்பத் தூவினேன். சாயத்துக்கு நாங்க அப்படித்தான் செய்வோம். காயிதத்துக்கு ஆகாதுன்னு தெரியாது. ஆனா அது மட்டும் இல்லக்கா. அன்னிக்கி நீங்க கேட்டப்ப எனக்கு மினுக்கந்தான் தோணுச்சு. நீங்க வேணாம்னு சொன்னதால சொல்லல. ரெண்டாவது தடவ உப்ப அள்ளினப்ப அது எம் மனசுல இருந்துச்சா இல்லையான்னு எனக்கே தெரியல. பொன்னுத்துரை மாமா பாத்துட்டு எந்த ஊருன்னு கேட்டாரு. நெசமாத்தான் கேட்டாரு."

அவ்வளவையும் சொன்னவள் தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அம்மாவின் கையில் நூல் அப்படியே நின்றது.

இளவேனில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். விரல்நுனியால் ஓர் உப்புத் துகளைச் சுரண்டிப் பார்த்தாள், அது வரவில்லை. பையைத் திறந்து தூரிகையும் சின்னச் சாயப் பெட்டியும் எடுத்தாள். குடிக்க வைத்திருந்த டம்ளர் தண்ணீரில் தூரிகையை நனைத்து, நீலத்தில் துளி பச்சை குழைத்து, கல்சுவருக்குக் கீழே இருந்த ஒரு வெளுப்பின்மேல் வைத்தாள். மஞ்சள் மறைந்தது. அந்த இடம் பழைய ஆறாயிற்று. யாரும் ஏமாற முடியாத ஆறு.

அடுத்த வெளுப்புக்குத் தூரிகை போயிற்று. மேலேயே நின்றது. இளவேனில் தான் மூடிய இடத்தையும் மூடாத இடங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். தூரிகை முனையில் நீலச் சொட்டுத் திரண்டு கனத்தது. அது விழுவதற்குள் கையைச் சட்டென்று விலக்கினாள். சொட்டுத் தரையில் விழுந்தது.

சூர்யகலா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் என்றால் அடையாளம் தெரியும். பள்ளிக்கூடத்தில் நிறையப் பார்த்திருக்கிறாள். சந்தோஷம் என்றாலும் தெரிந்திருக்கும். இது இரண்டும் இல்லை. இல்லை, இரண்டுமா? மூடுவதற்கு நேரம் இல்லை என்று நிறுத்தினாளா, மூட வேண்டாம் என்று நிறுத்தினாளா? ஒன்றை மட்டும் ஏன் மூடினாள்?

"காப்பி போடுறேம்மா, ஒரு வாய் குடிச்சிட்டு..." என்றாள் சுந்தரம்மாள்.

இளவேனில் தூரிகையை டம்ளரில் அலசி, முந்தானையில் துடைத்துப் பைக்குள் போட்டாள். மூடிய இடம் காயட்டும் என்று கொஞ்ச நேரம் வாயால் ஊதினாள். படத்தைச் சுருட்டினாள், ஆற்றுப் பக்கம் உள்ளே போகாமல் வெளியே இருக்கும்படி, உப்பு உதிர்ந்துவிடாமல், தளர்வாகச் சுருட்டினாள். உறையில் விட்டு மூடியைத் திருகினாள். எழுந்து சூர்யகலாவின் முன்னால் வந்து நின்றாள். உதடு பிரிந்தது. சூர்யகலா காத்திருந்தாள். பிரிந்த உதடு மறுபடி மூடிக்கொண்டது.

செருப்பை மாட்டிக்கொண்டு இளவேனில் தெருவில் இறங்கினாள். காயப்போட்ட சேலைகளுக்கு நடுவே, உறையைத் தோளில் மாட்டாமல் இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்தபடி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போனாள்.